ஏழாம் மேஜை பாட்டில்

“நல்ல பாட்டிலாப் பாத்து ஊத்தியிருக்கேன். மோந்து பாத்துட்டுச் சொல்லுப்பா, உனக்கு மூக்கு இருக்கா இல்லையான்னு தெரிஞ்சிடும்” என்று தன் அறையில் கோப்பையை நகர்த்தினார் உணவக முதலாளி.

முதுகுக்குப் பின்னால் ஊழியர்கள் அவரை ‘மூக்கு’ என்பார்கள். ஒயினை முகர்ந்தே எந்தத் திராட்சை, எந்த மலைச்சரிவு, தோட்டக்காரனுக்கு எத்தனை பிள்ளைகள் என்று சொல்லிவிடுவார் என்பது அந்த உணவகத்தின் நம்பிக்கை.

ஒயின் ஆலோசகர் கண்களை மூடி, ஆழமாக மூச்சை இழுத்தார்.

“சிரா திராட்சை சார். கருமிளகு, கறுப்பு பெர்ரி, லேசாப் புகை. துவர்ப்பு கொஞ்சம் முரடு. தணல்ல சுட்ட ஆட்டுக்கறியோட குடுத்தா அடங்கிடும். மீனோட குடுத்தா வாயெல்லாம் இரும்பு ருசி.”

முதலாளியும் முகர்ந்தார். ஒரு மிடறு வாயில் உருட்டி விழுங்கினார். “வயலட் பூவை விட்டுட்டியே. மத்தபடி அற்புதம்.”

ஆலோசகர் அவசரமாகத் தலையாட்டினார். சொன்னதெல்லாம் பதினெட்டு வருட மனப்பாடம். மூன்று மாதம் முன்பு வந்த காய்ச்சல், போகும்போது அவருடைய மோப்பத்தையும் கையோடு கொண்டுபோய்விட்டது. மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

இன்று மதியம் அவர் ‘பிரமாதம்’ என்று ஊற்றிய சிராவை, பூஞ்சை நாற்றம் என்று ஏழாம் மேஜைக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். அதனால்தான் இந்த விசாரணை. இங்கே வேலை போனால், மோப்பமில்லாத ஆலோசகரை வேறு எவன் சேர்ப்பான்?

கதவைத் தள்ளிக்கொண்டு வந்த சமையல்காரம்மா, வந்த வேகத்தில் மூக்கைப் பொத்தினார்.

“என்ன சார், ரூமெல்லாம் ஈரச்சாக்கு நாத்தம்? ஐயோ, இது ஏழாம் மேஜையிலேருந்து திரும்பி வந்த பாட்டிலாச்சே. கொட்டுறதுக்கு ஓரமா வச்சேன், அதையா ஊத்திக்கிட்டீங்க?”

பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஆலோசகருக்குப் புரிந்தது. பொறி. கெட்டதை ஊற்றிக் கொடுத்து, வயலட் பூ என்று தூண்டிலும் போட்டிருக்கிறார் மனிதர்.

“சார், மன்னிச்சிடுங்க” என்றார். “மூணு மாசமா எனக்கு ஒரு வாசனையும் தெரியல. வேலையை விட்டு மட்டும் அனுப்பிடாதீங்க.”

முதலாளி எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டார். திரும்பி வந்து, தன் கோப்பையை எடுத்து இன்னொரு முறை முகர்ந்தார். பிறகு மெதுவாகக் கீழே வைத்தார்.

“எனக்கு ஆறு வருஷமா.”