ஒளித்த போத்தல்

உப்புவெளியிலிருந்து பஸ்ஸில் வந்த அல்பிரட்டின் பல் முரசில் வடிந்த இரத்தத்தைப் பார்த்த டொக்டர், "வார்ஃபரினோட வேற என்ன எடுக்கிறீங்கள்?" என்று கேட்டார்.

அல்பிரட் சேட் பொக்கெற்றுக்குள் இருந்து ஒரு மருந்துக் குளிசைப் போத்தலை மெல்ல எடுத்தார். "மகள் கனடாவில இருந்து அனுப்பினவ. இரத்தக்கட்டியைக் கரைக்கிற என்சைமாம்."

"வார்ஃபரினே இரத்தத்தை உறைய விடாது. இதுவும் சேர்ந்தா உள்ளுக்க கசிஞ்சு உயிருக்கே ஆபத்து. எங்களைக் கேட்காமல் எடுக்கலாமோ?"

பக்கத்தில் நின்ற மனைவி இன்பமலர் சீறினாள். "மாதாவே! இவ்வளவு காலமும் என்னோட இருந்துகொண்டு எனக்கே ஒளிச்சிட்டீங்களே!"

"நீர் ஏசுவீர், சொல்லாதேங்கோ எண்டு மகள்தான் சொன்னவ."

இன்பமலர் கதிரையில் தொப்பென்று இருந்தாள்.

"டொக்டர், எனக்கும் அவ இதே போத்தல் ஒண்டு அனுப்பினவ. அப்பா குளிசை எண்டால் துப்பிப்போடுவார், சொல்லாமல் கஞ்சிக்குள்ள கலந்து குடுங்கோ எண்டு. ஒவ்வொரு நாளும் கலந்தனான்."

அல்பிரட் அவளையே பார்த்தார்.

"கஞ்சி ஏன் கைக்குதெண்டு கேட்க, வெந்தயம் எண்டல்லோ சொன்னனீர்!"