தறிக்கூடத்துப் பேச்சு

எங்கள் கோச் பஸ் விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்குள் நெவில் என் வீட்டைப் பாதி விற்றுவிட்டான்.

"நாளைக்குக் காலைல வாங்குறவர் வந்து பார்க்கிறார். அப்புறம் முதியோர் இல்லத்துலேர்ந்து ஒரு அம்மா வராங்க. நீ சரின்னு தலையாட்டினா போதும். கடல் தெரியுற ரூம்மா!"

ஆஸ்திரேலியாவில் பெர்த்திலிருந்து மூன்று வருஷம் கழித்து வருகிற பிள்ளை ஆயிற்றே என்று பர்ன்லியிலிருந்து மான்செஸ்டர் வரை மழையில் போய்க் காத்திருந்தேன். கட்டிப்பிடித்தான். பிடித்த கையாலேயே என் தோள் எலும்பைத் தடவி எடை போட்டான்.

போன குளிர்காலத்தில் மாடிப்படியில் விழுந்தேன். ஒரே ஒரு தடவை. அதிலிருந்து அவனுக்கு நான் அம்மா இல்லை, அலமாரி விளிம்பில் நிற்கும் கண்ணாடிச் சாமான்.

"எனக்குக் கடல் வேண்டாம்."

"யோசிச்சுச் சொல்லும்மா" என்றான். அவன் யோசித்து முடித்துவிட்டான் என்று அதற்கு அர்த்தம். போனை எடுத்துக்கொண்டு குனிந்துவிட்டான்.

நிமிர்ந்தால், எதிரே மேவிஸ்.

நாலு வரிசை தள்ளி, எங்களைப் பார்த்தபடி போட்டிருந்த இருக்கையில். விடுமுறைக்குப் போன டெனரீஃப் தீவு வெயிலில் மூக்குத் தோல் உரிந்து, வேகவைத்த நண்டு மாதிரி இருந்தாள்.

நெசவு மில்லில் மேவிஸும் நானும் பக்கத்துப் பக்கத்துத் தறி. நூற்றுக்கணக்கான தறிகள் ஒரே கூரைக்கடியில் அடிக்கும் சத்தத்தில் தொண்டையை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. வாயை அகல விரித்து, சத்தமே இல்லாமல் ஒவ்வொரு சொல்லையும் உதட்டால் வரைவோம். உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வோம். மில்லை மூடி, இடித்து, கார் நிறுத்துமிடம் ஆக்கிவிட்டார்கள். எங்கள் வாயை யாரும் மூடவில்லை.

மேவிஸின் வாய் விரிந்தது. 'பக்கத்துல யாருடி? புது மாப்பிள்ளையா?'

'என் பிள்ளைடி. வீட்டை விக்க வந்திருக்கான்.'

'யார் வீட்டை?'

'என் வீட்டை.'

'உன்னை எங்க வைக்கப் போறானாம்?'

'முதியோர் இல்லத்துல. கடல் தெரியுமாம்.'

'கடலை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவ? குடிப்பியா?'

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். மேவிஸுக்குப் பக்கத்தில் இருந்த பெண் அவள் வாய் கோணுவதைப் பார்த்து மிரண்டு, பையைத் தூக்கிக்கொண்டு வேறு இருக்கைக்குப் போனாள். மேவிஸ் அந்த இடத்தில் தன் தொப்பியை வைத்தாள்.

'ஒண்ணும் சொல்லாம உட்கார்ந்திருக்கியா? தறி மேஸ்திரியவே ஓட ஓட விரட்டினவ நீ.'

'பெத்ததாச்சே.'

'பெத்தா? அதுக்கு வீட்டையும் குடுக்கணுமா?' கொஞ்சம் யோசித்தாள். 'நாளைக்குக் காலைலதானே தலையாட்டணும்? நீ இல்லாட்டி யார் தலைய ஆட்டுவான்? வழியில எங்க ஊர் ராட்டன்ஸ்டால்ல என்கூட இறங்கிடு. என் வீட்டுல இரு.'

'மாத்துத் துணிகூட இல்லடி.'

'என்கிட்ட நைட்டி இருக்கு. உன்னை மாதிரி ரெண்டு பேர் உள்ள போகலாம்.'

பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். நெவில் இருண்டு கிடந்த போன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். மில் வாசலைக்கூட அவன் மிதித்ததில்லை. மிதிக்க விட்டதில்லை நான். படிக்க வைத்தேன். அதனால் அவன் காதருகிலேயே தைரியமாக வாயை விரித்தேன்.

'சரி. இவன் அந்த இல்லத்துக்காரிகிட்ட தன் தலையவே ஆட்டிக்கட்டும். பெரிய மனுஷன்! மூக்கு ஒழுகினா என் பாவாடையிலதான் துடைச்சான்.'

ராட்டன்ஸ்டால் வந்தது. கோச் நின்றது. மேவிஸ் பெட்டியை உருட்டிக்கொண்டு இறங்கினாள்.

நான் எழுந்தேன். "அவ என் கூட வேலை பார்த்தவ. கீழ வரைக்கும் போய் ஒரு வார்த்தை பேசிட்டு வரேன்."

நெவில் எழுந்து வழிவிட்டான். மேலே இருந்த என் கோட்டை எடுத்துக் கொடுத்தான். "குளிரும். போட்டுக்கோ" என்றான்.

ஏமாந்துவிட்டான் என்று நினைத்தேன். முழங்கால் வலியைக்கூட மறந்து படிகளில் இறங்கினேன். இறங்கியதும் ஓட்டுநரிடம் திரும்பி, "நான் வரலை, கிளம்புங்க தம்பி" என்றேன். கதவு மூடிக்கொண்டது.

மழைச் சாரலில் மேவிஸ் என் கையைக் கோத்துக்கொண்டாள். எனக்கு அவன் முகத்தைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. ஜன்னலைத் தட்டுவான், கத்துவான், ஓட்டுநரிடம் ஓடுவான் என்று நிமிர்ந்தேன்.

கண்ணாடிக்குப் பின்னால் நெவில் அசையாமல் உட்கார்ந்திருந்தான். நேராக என்னைப் பார்த்தான். வாயை அகல விரித்தான். பல் தெரிய, நிதானமாக, சத்தமே இல்லாமல், பிறந்ததிலிருந்து தறி ஓட்டியவனைப் போல.

'நான் மூக்கைத் துடைச்சது அப்பா சட்டையிலம்மா.'

மேவிஸின் பிடி இறுகியது. "ஐயோ, இவனுக்கு இந்தப் பேச்சு எப்படிடி தெரியும்?"

சாப்பாட்டு மேஜையில் அவனை நடுவில் உட்கார வைத்துவிட்டு, குழந்தை காதில் விழக் கூடாது என்று, அவன் தலைக்கு மேலே நானும் அதே மில்லில் வேலை பார்த்த அவன் அப்பாவும் இந்தப் பேச்சில்தான் சண்டை போட்டோம். வருஷக்கணக்காக. நீ போ, நான் போகிறேன், பிள்ளைக்காகத்தான் இருக்கிறேன் என்று. அவன் தட்டைப் பார்த்துக் குனிந்து சாப்பிடுகிறான் என்றுதான் நினைத்தோம்.

கோச் உறுமியது. கண்ணாடிக்குள் அவன் வாய் மறுபடி விரிந்தது.

'வீடு உன்னோடதுதாம்மா. ஆனா...'

தறிக்கூடத்தில் ஒருவர் சொல்வதைக் கேட்கப் பிடிக்காவிட்டால் யாரும் காதைப் பொத்துவதில்லை.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.