ஒத்திகைப் பை

ஒவ்வொரு செப்டம்பரிலும் நிலநடுக்க ஒத்திகையில் தெருவையே சிரிக்கவைப்பவன் நான்தான்.

"தோகியே அக்கா, போன தடவ தலையணையத் தூக்கிட்டு ஓடினீங்களே! பசிச்சா பஞ்சையா தின்பீங்க?"

"மானத்த வாங்காத கனேமாட்சு!" என்று சிரித்தவர், மறுநாளே தண்ணீரும் ரொட்டியும் போட்டு அவசரப் பை கட்டிவைத்தார். தெருவே கட்டிவைத்தது.

இன்று உண்மையிலேயே பூமி ஆடியது. கடல் வருமென்று பயந்து மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஏறினோம்.

காய்ச்சலோடு ஏறிவந்த என் மனைவி மிசாவோ, "ஏங்க, தண்ணி" என்றாள்.

எல்லோரும் பார்க்க என் பையைத் திறந்தேன். பழைய செய்தித்தாள்கள் சரிந்தன. நாளெல்லாம் மூட்டை தூக்கும் தோளுக்கு ஒத்திகையிலும் பாரம் எதற்கென்று நானே திணித்தவை.

முகம் எரிந்தது. தெருவே விழுந்து விழுந்து சிரித்தது.

"வேடிக்கை போதும் தம்பி," என்றார் தோகியே அக்கா. "நெசப் பைய எடு. பாவம், அவளுக்கு நாக்கு வறண்டுகெடக்கு."