வாங்கிட்டேன்

ஒரு கம்ப்யூட்டருக்குள் பிராசசர் பாட்டு ஓட்டிக்கொண்டிருந்தது. "அண்ணே!" என்று கீபோர்டு கூப்பிட்டது. பிராசசர் பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு, கீபோர்டைக் கவனிக்க அன்றுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த டிரைவர் என்ற புரோகிராமை அனுப்பியது. டிரைவர் ஓடிப்போய், கீபோர்டில் தட்டிய எழுத்தை வாங்கி வந்தது.

உடனே மறுபடியும் "அண்ணே!" மறுபடியும் "அண்ணே!" பாட்டு திக்கியது. வெளியே யாரோ கம்ப்யூட்டரை அணைக்கக் கை நீட்டினார்கள்.

பிராசசருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "எழுத்தைத்தான் வாங்கியாச்சே, இன்னும் ஏன் கத்துறே?"

"வாங்கினாரு. வாங்கிட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னாரா? சொல்லாம நான் எப்படி நிறுத்துறது?" என்றது கீபோர்டு.

"இதையெல்லாமா சொல்லுவாங்க?" என்று முனகிக்கொண்டே டிரைவர் போய்ச் சொல்லிவிட்டு வந்தது. கீபோர்டு அடங்கியது. பாட்டு ஓடியது. நீட்டிய கை திரும்பிப் போனது.

டிரைவர் மட்டும் நகரவில்லை.

"நீ ஏம்ப்பா இன்னும் நிக்கிறே?"

"நீங்க ஒண்ணும் சொல்லலையே, அண்ணே."