மேலிருந்து ஒரு தட்டு

“காலைச் சும்மா வை தாயே. நீ ஆட்டுற ஆட்டம் சுரங்கம் வரைக்கும் போகும்” என்றான் வெர்னன்.

நெகானேயின் கால் நின்றது. கை பேனாவை எடுத்து மேஜையில் தட்ட ஆரம்பித்தது.

பூகம்பமானிகளைச் சோதித்துத் தருவது அவர்கள் வேலை. எல்கோ ஊரைத் தாண்டி, மலைக்குள் கைவிடப்பட்ட ஒரு வெள்ளிச் சுரங்கம். அதன் கோடியில் பாறை மேடைமீது மூன்று கருவிகளைப் பக்கம் பக்கமாக வைத்து, இரும்புக் கதவைப் பூட்டிவிட்டு அடிவாரத்து ஆபீஸுக்கு வந்துவிட வேண்டும். பிறகு ஓர் ஈ, காக்கை அங்கே போகக்கூடாது. மூன்றும் ஒன்றையே சொன்னால் அது பூமியின் பேச்சு. ஒன்று மட்டும் தனியாக உளறினால் அதைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

நேற்று சாயங்காலம் கதவு சாத்தியாயிற்று.

வைத்த முதல் இரவு கருவிகள் அடங்காமல் திமிறும். அந்தப் பதிவை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. விடிந்த பிறகு வருவதுதான் கணக்கு.

இன்று நெகானேக்குத் திரையில் மனம் நிற்கவில்லை. புருஷன் கோர்க்கா இரவு வீட்டுக்கு வரவில்லை.

புருஷன், பெண்டாட்டி இருவருக்கும் இங்கேதான் வேலை. வந்து போவது ஒரே வண்டியில். ஐந்து மாதம் அலாஸ்காவுக்கு வேலைக்குப் போகிறேன் என்று, அவளை ஒரு வார்த்தை கேட்காமல், தலையாட்டிவிட்டு வந்திருந்தான். அன்றிலிருந்து பேச்சு வார்த்தை இல்லை. நேற்று வேலை முடிந்து வண்டியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தாள். ஆளைக் காணோம். யார் வண்டியிலாவது ஏறித் தம்பி வீட்டுக்குப் போயிருப்பான், போகட்டும் என்று கிளம்பிவிட்டாள்.

காலையில் பாலெடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தபோதுதான் கண்ணில் பட்டது. அவன் ராத்திரி போட்டுக்கொள்ள வேண்டிய இன்சுலின் வைத்த இடத்திலேயே இருந்தது. எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள்.

போன் அடித்தது. கொழுந்தன் மிக்கேல்.

“அண்ணன் இங்க வரவே இல்லையே அண்ணி. போனும் எடுக்கல. சண்டையா?”

“அதெல்லாம் இல்ல” என்று வைத்துவிட்டாள்.

காலையிலிருந்து விட்டு விட்டு வந்த துள்ளல் திரையில் மறுபடியும் வந்தது. மூன்று கருவிகளிலும்.

“தங்கச் சுரங்கத்துக்காரன் வெடி வைக்கிறான், வேற என்ன” என்றான் வெர்னன்.

வெடியென்றால் ஒரு குலுக்குக் குலுக்கி மெல்ல அடங்கும். இது அப்படி இல்லை. ஒவ்வொரு கருவியும் மூன்று கோடு போடும். மேல் கீழ் ஆட்டத்துக்கு ஒன்று, வடக்கு தெற்குக்கு ஒன்று, கிழக்கு மேற்குக்கு ஒன்று. முதலில் மேல் கீழ்க் கோடு துள்ளியது. அடுத்தது வடக்கு. அடுத்தது கிழக்கு. சற்று ஓய்வு. மறுபடி மேல், வடக்கு, கிழக்கு.

எந்தப் பூமியும் இப்படி வரிசை பார்த்து ஆடாது.

கருவியை வைத்ததும் கம்பிகள் சரியாக மாட்டியிருக்கின்றனவா என்று அவர்களே இப்படி மூன்று பக்கமும் தட்டிப் பார்ப்பது உண்டு. ஆனால் வடக்கு, கிழக்கு, கடைசியில்தான் மேல். அதுதான் இங்கே முறை. மேலே முதலில் தட்டுகிற கோணங்கி ஒருவன்தான் இருந்தான். எத்தனை தடவை திட்டியும் அவன் மாற்றிக்கொள்ளவில்லை.

யாரும் பார்க்காத அந்த இரவுப் பதிவைத் திறந்தாள்.

ராத்திரி முழுக்கத் தட்டியிருந்தான். முதலில் பெரிது பெரிதாக. விடிய விடியச் சிறுத்துக்கொண்டே வந்தது. கடைசியாக வந்த தட்டு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

“சாவியை எடு” என்றாள். அதற்குள் பையோடு வாசலுக்குப் போய்விட்டிருந்தாள்.

மலைச்சரிவில் இருவரும் ஓடினார்கள். அவன் உயிரோடு இருந்தால் போதும், அலாஸ்கா என்ன, அதற்கு அந்தப்பக்கமே போகட்டும் என்று நினைத்துக்கொண்டே ஓடினாள்.

கதவின் உள்பக்கக் கைப்பிடி உடைந்து பல மாதமாயிற்று. அதனால்தான் ஒரு வழக்கமே வந்தது. சாத்துகிறவர் இருட்டைப் பார்த்து, அன்று வேலைக்கு வந்த ஒவ்வொருவர் பெயரையும் உரக்கக் கூப்பிட வேண்டும். ஒரு குரலும் வரவில்லை என்றால்தான் பூட்ட வேண்டும்.

வெர்னன் நேற்று லீவு. பூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டே கேட்டான்.

“நேத்து சாத்துன புண்ணியவான் யாரு? பேர் சொல்லிக் கூப்பிடலயா?”

கூப்பிட்டாள். எல்லோர் பெயரையும் கூப்பிட்டாள். ஒரு பெயர் வந்தபோது மட்டும் வாயை மூடிக்கொண்டாள்.

கதவு திறந்தது. உள்ளே கும்மிருட்டு.

“கோர்க்கா.”

தொண்டை கிழியும்படி இன்னொரு தடவை கூப்பிட்டாள்.

வெகு உள்ளிருந்து, காய்ந்துபோன குரலில் பதில் வந்தது.

“நேத்து நீ வாசல்ல நின்னு கூப்பிட்டது கேட்டுச்சு. எல்லார் பேரும் கேட்டுச்சு. என் பேரையும் சொல்லுவே, அப்புறம் குரல் குடுக்கலாம்னு பேசாம இருந்தேன்.”