மயில்கழுத்துச் சேலை

சுபலட்சுமி செல்லூரின் அந்தச் சின்ன ஜவுளிக்கடைக்குள் ஏறியபோது அங்கே ஈ காக்காய்கூட இல்லை. நூல் விலையும் சிலிண்டர் விலையும் ஏறியதிலிருந்து, தெருவில் போகிறவர்கள் காலிக் கடையை எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே நடந்துவிடுகிறார்கள்.

"வாங்கம்மா, உக்காருங்க" என்று கடைக்காரர் ஜெயபாண்டி சேலைகளை விரித்தார்.

அவர் விரிக்க விரிக்க, அவள் வெயிலையும் தெருவையும் மறந்தாள். மாம்பழ மஞ்சள், வெங்காயத் தோல் நிறம், கடைசியாக மயில்கழுத்து நிறத்தில் ஒரு சுங்குடி. அதைத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். ஃபேன் காற்றில் முந்தானை எழும்ப, ஏதோ கல்யாண வீட்டு வாசலில் பன்னீர்ச் செம்போடு நிற்பதுபோல் இருந்தது. விலை கேட்கக்கூடத் தோன்றவில்லை.

கடையில் ஆள் இருப்பதைப் பார்த்து இரண்டு பெண்கள் படியேறினார்கள்.

"அந்த அக்கா தோள்ல கிடக்கே, அதக் காட்டுங்கண்ணே. எம்புட்டு?"

சுபலட்சுமி மெதுவாகச் சேலையை இறக்கிக் கொடுத்தாள். "நீங்க எடுத்துக்கங்க. நான் இன்னொரு நாள் வாரேன்."

இறங்கி, பக்கத்துச் சந்தில் திரும்பி, கடைக்குப் பின்னாலேயே இருந்த தன் வீட்டுக்குள் நுழைந்து, தனக்கும் புருஷனுக்குமாக உலை வைத்தாள்.

சற்று நேரத்தில் ஜெயபாண்டி அடுப்படிக்கே ஓடி வந்தார்.

"வித்துருச்சு சுபா! நாளைக்கு மட்டும் வேற சேலையில வந்து உக்காரு. தினமும் இதையே கட்டிட்டு வந்தா, இந்த வழியா போறவுக கண்டுபிடிச்சிருவாக."

சுபலட்சுமி தான் கட்டியிருந்ததைக் குனிந்து பார்த்தாள்.

"வெளிய கட்டிட்டு வாரதுக்கு எங்கிட்ட இருக்குறதே இது ஒண்ணுதாங்க."