மேஸ்திரிக்கு லீவு

“மூணு நாள் லீவு வேணும் சிஸ்டர்” என்று மேஸ்திரி கேட்டதும், நர்ஸின் கையிலிருந்த ஊசி அப்படியே அந்தரத்தில் நின்றது. அந்த ஊசிக்காக இடுப்பைக் காட்டிக்கொண்டு படுத்திருந்த பெரியவர், மேஸ்திரி போய்விட்டால் தங்கள் கதி என்ன என்று குப்புறப் படுத்தபடியே கவலைப்பட்டார்.

கவலையில் நியாயம் இருந்தது. அந்த அரசு மருத்துவமனையில் நீண்ட கால சர்வீஸ் உள்ளது காலியிடங்களுக்குத்தான். வார்டு உதவியாளர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றுப் போனார்கள். புது ஆள் இதோ வருகிறார், அதோ வருகிறார் என்று மேலிடம் சொல்லிக்கொண்டே இருந்தது. அத்தனை கட்டிலுக்கும் ஒரே நர்ஸ்.

அவளுக்கு இருந்த ஒரே கை மேஸ்திரி. ஸ்ட்ரெச்சர் தள்ளுவார். நடக்க முடியாதவர்களைக் கழிப்பறைக்குத் தாங்கிப் போவார். குளுக்கோஸ் பாட்டில் தீரப்போனால் குரல் கொடுப்பார், கும்பலாக வரும் சொந்தக்காரர்களை முறைத்தே விரட்டுவார். சாப்பாடு, படுக்கை, உடுப்பு எல்லாம் ஆஸ்பத்திரியுடையது. சம்பளப் பேச்சை மட்டும் இதுவரை யாரும் எடுத்ததில்லை.

நாளைக்கு அவர் மகளுக்குக் கல்யாணம். வருகிறவர்களை வாங்க என்று சொல்ல வாசலில் அப்பன் நிற்க வேண்டாமா என்று கேட்டார்.

நர்ஸ் முதல் போணி வியாபாரி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள். தன் தம்பி கல்யாணத்தையே தான் போனில்தான் பார்த்ததாகச் சொல்லி, அரை நாளில் ஆரம்பித்தாள்.

அவர் இரண்டு நாளுக்கு இறங்கினார். அவள் முக்கால் நாளுக்கு ஏறினாள். கல்யாணம் காலையில்தானே, மதியம் சாப்பிட்ட கையோடு வந்துவிட்டால் என்ன என்றாள். மாப்பிள்ளை வீட்டார் கை கழுவுவதற்குள் பெண்ணின் அப்பன் ஓட்டம் பிடித்தால் ஊர் என்ன பேசும் என்று அவர் கோபித்துக்கொண்டு வாசல் வரை நடந்தார். அவள் கூப்பிடவில்லை. அவரே திரும்பி வந்தார்.

கடைசியில், இன்னும் இடுப்பை மூடாமல் காத்திருந்த பெரியவர் தரகு பேசி ஒன்றரை நாளில் முடித்துவைத்தார்.

“சரி, போயிட்டு வாங்க. ஆனா நாளன்னைக்கு மதியம் வார்டுல இருக்கணும். பொண்ணை அனுப்பிட்டு அழறதையெல்லாம் இங்க வந்து அழுதுக்கலாம்.”

“இங்க அழ எங்க சிஸ்டர் நேரம் குடுக்கறீங்க?”

அந்த நேரம் டாக்டர் உள்ளே வந்தார். நேற்று மாட்டிய கோட்டை இன்னும் கழற்றாத மனிதர். எந்த வார்டில் நிற்கிறோம் என்பதையே கதவுப் பலகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். நர்ஸ் விஷயத்தைச் சொன்னாள். மகள் கல்யாணம் என்றதும் அவர் முகம் இளகியது. இதற்கா இத்தனை பேரம் என்று முனகிக்கொண்டே பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தார்.

எட்டிப் பார்த்த நர்ஸ், பதறிப்போய் அவர் கையைப் பிடித்தாள்.

“டிஸ்சார்ஜ்னு எழுதிடாதீங்க டாக்டர், குணமான பேஷண்ட் யாராவது திரும்பி வருவாங்களா?”